பூவா தலையா போட்டுக் கிடைத்த கட்சி

போர்ட் கொச்சி படகுத்துறையில் இறங்கி ஆட்டோவுக்குக் கை காட்டிய நேரம் பார்த்து, கோப்பைகள் இருந்த அட்டைப்பெட்டியின் அடி பிய்ந்துகொண்டது. பித்தளைக் கோப்பைகள் ஒவ்வொன்றாகத் தெருவில் உருண்டன. மீன் கூடையோடு நின்றிருந்த ஒருவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, தண்ணீரில் விழ இருந்த ஒன்றைக் காலால் மறித்து நிறுத்தினார்.

"ஃபுட்பாலா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. விவாதப் போட்டி. பள்ளிப் பிள்ளைங்க பேசுவாங்க."

அவர் மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஆட்டோக்காரருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "பேசறதுக்குக் கோப்பை குடுக்கறதுன்னா இந்த ஊர்ல வீட்டுக்கு ரெண்டு குடுக்கணும்னு சொல்றாரு" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. கொச்சியில் நான் கவலையில்லாமல் சிரித்தது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

பினாங்கில் ஓர் இடைநிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பெருந்தொற்றில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது, என் மாணவர்களையும் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசிரியரின் மாணவர்களையும் கணினித் திரையில் எதிரெதிரே உட்கார்த்தி விவாதிக்க வைத்தோம். அந்த ஆசிரியர் தயாபரன். பிறகு சிங்கப்பூர் சேர்ந்தது, மதுரை சேர்ந்தது, கொச்சியிலிருந்து ஓர் அணி சேர்ந்தது. திரையிலேயே நடந்த போட்டியை நேரில் நடத்தலாம் என்று முடிவெடுத்தபோது, எல்லாரும் எளிதாக வந்து சேரலாம் என்று நான்தான் கொச்சியின் பழைய பகுதியான மட்டாஞ்சேரியைச் சொன்னேன். ஆகவே அங்கே நடந்த எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு.

எங்கள் போட்டி பட்டிமன்றம் இல்லை. நடுவர் நகைச்சுவை சொல்ல மாட்டார். தலைப்பை அரங்கிலேயே சொல்வோம். நாணயத்தைச் சுண்டிப் போட்டு, எந்த அணி ஆதரவு, எந்த அணி எதிர்ப்பு என்று முடிவாகும். அரை மணி நேரம் யோசிக்கலாம். பிறகு கிடைத்த கட்சியைப் பேச வேண்டும். நம்புவதைப் பேசுவது யாராலும் முடியும். நம்பாததை நேர்மையாகப் பேசிப் பார்க்கிற பிள்ளைக்கு, எதிரே இருப்பவர் முட்டாள் இல்லை என்பது ஒருநாள் புரியும். இதை நான் எத்தனையோ பெற்றோர் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தயாபரன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"டீச்சர், நாங்கள் எங்கயோ வந்து இறங்கிட்டம். எல்லாரும் வலை காயப்போட்டுக்கொண்டு இருக்கினம். மண்டபம் ஒண்டையும் காணேல்ல."

எறணாகுளத்தில் படகு மாறி ஏறி, மொத்த யாழ்ப்பாண அணியும் வைப்பின் தீவில் போய் நின்றிருந்தது. பேருந்தையும் லாரியையும் சேர்த்து ஏற்றிவரும் ஜங்காரில் திரும்பி வந்தார்கள். பினாங்கில் எங்களுக்கும் இப்படி ஒரு பெரிய படகு உண்டு. ஆனால் எங்கள் படகில் யாரும் அந்நியரிடம் "எந்த ஊர், எத்தனை பிள்ளை" என்று கேட்க மாட்டார்கள். தயாபரனிடம் அந்த ஐந்து நிமிடத்துக்குள் மூன்று பேர் கேட்டிருந்தார்கள்.

மண்டபம் கடைத்தெருவில் ஒரு பழைய சமூகக்கூடத்தின் மாடி. கீழே சுக்கும் மிளகும் அடைத்த கிடங்கு. சாக்கு மூட்டையை யாராவது புரட்டிப் போட்டால் மேலே எல்லாருக்கும் தும்மல் வந்தது. எங்கள் விதிமுறையில் தும்மலுக்கு நேரக்கழிவு கிடையாது. முதல் சுற்றில் சிங்கப்பூர்ப் பையன் ஒருவன் முடிவுரை முழுவதையும் தும்மிக்கொண்டே சொல்லி முடித்தான்.

அங்கே எங்களுக்கு எல்லாம் விஜிதான். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்டார்கள். பகலில் வங்கி வேலை, மாலையில் மட்டாஞ்சேரிப் பிள்ளைகளுக்குத் தமிழ். கொச்சி அணியைப் பயிற்றுவித்ததும் அவள்தான். வந்தவுடன் கையில் சாயாவும், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் கொடுத்துவிட்டு, "டீச்சர், முன்கூட்டியே பறஞ்சுடறேன். எங்க பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. குறிப்பெல்லாம் மலையாளத்துலதான் எழுதிப்பா. அதுக்கு மார்க் குறைக்கப்படாது, கேட்டேளா?" என்றாள்.

"பேச்சுக்குத்தான் மார்க்கு, விஜி."

"அப்போ பயமில்லே. பேசறதுல எங்க அனுஷாவை ஆரும் தொட முடியாது."

அது உண்மைதான். அனுஷா பதினோராம் வகுப்பு. அப்பா செல்வராஜ் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, கடைத்தெருவில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். அந்தப் பெண்ணின் தமிழில் பாதி திருநெல்வேலி, பாதி மட்டாஞ்சேரி. குரல் உயராது. எதிரணி சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, "இதுதானே சொன்னீங்க?" என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் அடிப்பாள். முதல் நாள் சிங்கப்பூர் அணியை வீட்டுக்கு அனுப்பினாள்.

இரண்டாம் நாள் காலை அரையிறுதி, மதுரைக்கும் கொச்சிக்கும். தலைப்பை எழுதியவள் நான். "பழைய நகரங்களின் தெருக்களைச் சுற்றுலாவுக்காகச் சீரமைக்கும்போது, அங்கே குடியிருப்பவர்களை வேறிடத்துக்கு மாற்றலாம்." எங்கள் ஊரில் நான் தினமும் நடக்கிற பழைய தெருக்களில் தையற்கடைகளும் சவப்பெட்டிக் கடைகளும் போய், வரிசையாக விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்துவிட்டன. அதை நினைத்துத்தான் எழுதினேன். மட்டாஞ்சேரியில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை.

நாணயம் விழுந்தது. கொச்சிக்கு ஆதரவுக் கட்சி. அனுஷாவின் முகம் ஒரு கணம் மாறியதைப் பார்த்தேன். விஜி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் மணியைத் தட்டிவிட்டேன். அரை மணி தொடங்கிவிட்டது.

அவள் பேசியதை என்னால் மறக்க முடியாது.

"பழைய வீட்டைப் பாத்து அழகு அழகுன்னு ஃபோட்டோ எடுக்கறவங்க யாரும் அந்த வீட்டுக் கக்கூசுக்குப் போனதில்ல. நான் போயிருக்கேன். எங்க லைன்ல அத்தனை வீட்டுக்கும் சேத்து ரெண்டுதான். மழைக்காலத்துல சுவர் ஈரமா நிக்கும், தொட்டா உதிரும். இதைப் பாரம்பரியம்னு சொல்லி எங்களை இதுக்குள்ளயே வச்சிருக்கறது யாரோட வசதிக்கு? எங்களை வெளிய அனுப்புங்க. நல்ல வீடு குடுத்து, பள்ளிக்கூடம் பக்கமாக் குடுத்து, மரியாதையா அனுப்புங்க."

கொச்சி அணி வென்று இறுதிச் சுற்றுக்குப் போனது. மதுரைப் பிள்ளைகளே எழுந்து கைதட்டினார்கள். அடுத்த அரையிறுதியில் என் பிள்ளைகள் யாழ்ப்பாணத்திடம் தோற்றார்கள். மதியம் கப்பையும் மீன்கறியும் சாப்பிட்டோம். எங்கள் ஊரில் மரவள்ளியை இனிப்புப் பண்டமாகத்தான் அதிகம் செய்வோம். இங்கே அது காரமான கறியோடு சோற்றின் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. என் மாணவர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

சாயா நேரத்தில் விஜி தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். 

அரங்கில் யாரோ எடுத்த காணொளி. அனுஷா நிற்கிறாள். "மழைக்காலத்துல சுவர் ஈரமா நிக்கும்" என்பதில் தொடங்கி, "எங்களை வெளிய அனுப்புங்க" என்பதோடு முடிகிறது. அதற்கு அடுத்த வாக்கியம் இல்லை. முன்னே பின்னே போட்டி, நாணயம், எதிரணி எதுவும் இல்லை.

"இது எப்படி வந்தது?"

"தெரியலே டீச்சர். மட்டாஞ்சேரி மொத்தமும் ஓடறது. அந்த லைன் மேல கேஸ் நடக்கறது. வீடுகளோட உடமஸ்தன் எல்லாரையும் இறக்கிட்டு ஹோட்டல் கட்டணும்னு நிக்கறான். இப்போ அவனோட ஆட்கள்தான் இதை அனுப்பிண்டிருக்கா. 'உங்க பொண்ணே சொல்றா பாருங்கோ'ன்னு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல விஜி?"

"சொல்ல வந்தேன். நீங்க மணியை அடிச்சுட்டேள்."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அனுஷாவைத் தேடினேன்.

அனுஷா மண்டபத்தில் இல்லை. அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டதாக அவளுடைய அணிப் பையன்கள் சொன்னார்கள். அம்மா வேலை பார்க்கும் விடுதிச் சமையலறையிலேயே யாரோ காட்டிக் கேட்டுவிட்டார்களாம்.

தயாபரன் என்னைத் தனியே அழைத்தார். "டீச்சர், நாளைக்கு இறுதிச் சுற்று இங்க வேண்டாம். எறணாகுளத்தில ஏதாவது ஒரு ஹோட்டல் மண்டபம் எடுப்பம். நாங்கள் மற்றவையின்ர பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறம். ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு? கூட்டம் கூடினா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

அவர் வளர்ந்த காலத்தையும் ஊரையும் நினைத்தால் அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. "முதல்ல அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன்" என்றேன். "நானும் வாறன்" என்றார். "வேண்டாம், பிள்ளைங்களோட இருங்க."

விஜியும் நானும் ஏறிய ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது; பின்னால் இன்னொன்று. ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பேப்பர் படிக்கத் தொடங்கினார். இறங்கி நடந்தோம். மிளகு நெடியும் சாக்கடை நாற்றமும் கலந்து வந்தன. ஒரு குஜராத்திப் பலகாரக் கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். புதிய முகம் என்பதால் பார்த்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

லைன் என்பது ஒரு கிடங்கின் பின்சுவரை ஒட்டி ஓடும் ஓட்டு வீடுகளின் வரிசை. விளக்கு போடும் நேரம். சந்தின் வாயிலிலேயே ஆட்கள் நின்றார்கள். தமிழ்க் குடும்பங்கள், மலையாளக் குடும்பங்கள், கொங்கணி பேசுகிறவர்கள் என்று கலந்து. நடுவில், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரிய மனிதர். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஹம்சா. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'இக்கா' என்பார்கள்; அதனால் எல்லாருக்கும் ஹம்சாக்கா. அவர் மலையாளத்தில் பேசினார். விஜி அவ்வப்போது என் காதில் சொன்னாள். அவர் பேசியதை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

"நீங்கதான் அந்தத் தலைப்பைக் கொடுத்த டீச்சரா?"

"ஆமாங்க."

"எங்க வீட்டைப் பற்றி எங்க பிள்ளையையே எதிராகப் பேச வைக்கலாமா?"

போட்டியின் விதியை விளக்கினேன். யார் எந்தப் பக்கம் என்று நாணயம் போட்டுத்தான் முடிவாகும், அது அவளுடைய கருத்து இல்லை என்றேன். விஜி அதை மலையாளத்தில் சொன்னாள்.

"நாணயம் போட்டு முடிவு பண்ணுகிற விஷயமா எங்க வீடு?" என்று ஹம்சாக்கா கேட்டார்.

பெற்றோர் கூட்டங்களில் சொல்லி வந்த எந்த வாக்கியமும் எனக்கு உதவவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். ஓர் இளைஞன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தான். "படம் எடுக்கப்படாது" என்று விஜி குறுக்கே கை நீட்ட, அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். வளையல் ஒன்று உடைந்து விழுந்தது.  ஹம்சாக்கா அந்த இளைஞன் பக்கம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னார். அவன் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் போய்விட்டான். 

அப்போது ஒரு கதவு திறந்து அனுஷா வெளியே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பின்னாலேயே அவள் அப்பா செல்வராஜ், "உள்ள போ" என்று அதட்டியபடி வந்தார். அவள் போகவில்லை.

"இக்கா, மாப்புக் கேக்கணும்னா கேக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லிட்டுக் கேக்கறேன்" என்றாள், மலையாளத்தில்.

"சொல்லு மோளே."

"கோர்ட்டுல அவங்க வக்கீல் என்னவெல்லாம் பேசுவார்னு நாம யாராவது யோசிச்சிருக்கோமா? இன்னைக்கு எனக்கு அரை மணி நேரம் கிடைச்சுது. அவங்க பக்கமா உட்கார்ந்து யோசிச்சேன். நாலு காரணம் வந்துது. அதுல மூணுக்கு நம்மகிட்ட பதில் இல்ல. சங்கக் கூட்டத்துல அதைப் பத்தி ஒருநாளும் பேசினதில்ல."

"என்ன காரணம்?"

"கட்டடம் இடிஞ்சு விழும், உயிருக்கு ஆபத்துன்னு சொல்வாங்க. இல்லைன்னு சொல்ற எஞ்சினியர் நம்மகிட்ட இருக்காரா?"

ஹம்சாக்கா பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நாம ரிப்பேர் பண்ணிக்கறோம்னு எப்பவாவது எழுதிக் குடுத்திருக்கோமா? வேற இடத்துல வீடு தர்றேன்னு அவங்க சொன்னப்ப, எங்கேன்னு கூடக் கேக்காம எழுந்து வந்தோம். அது கோர்ட்டுல எப்படிக் கேக்கும்?"

"இது மூணு. நாலாவது?"

அவள் தயங்கினாள். "நாலாவதை இங்க சொல்ல வேண்டாம் இக்கா."

"சொல்லு."

"டூரிஸ்டுக்காக எங்களை விரட்டறாங்கன்னு நாம சொல்றோம். நம்ம லைன்லயே மாடி ரூமை டூரிஸ்டுக்கு விட்டிருக்காங்கன்னு அவங்க சொல்வாங்க."

பின்னாலிருந்து கத்திய பெண் சத்தமில்லாமல் தன் வீட்டுக்குள் போனாள். விஜி என் காதில், "ஹம்சாக்காவோட தம்பி பொண்டாட்டி" என்றாள்.

அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஹம்சாக்கா ஒரு கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்தார். முதல் காரணத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். அவள் மறுத்தாள். இன்னொருவர் குறுக்கே புகுந்தார். அவருக்கும் பதில் சொன்னாள். கோபம் தீர்ந்துவிடவில்லை, ஆனால் அது இப்போது அவள் மேல் இல்லை. எஞ்சினியரை எங்கே பிடிப்பது என்பதில் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். எங்களுக்கு யாரோ சாயா கொண்டுவந்து கொடுத்தார்கள். 

செல்வராஜ் மட்டும் சுவரோரம் நின்றிருந்தார். நான் அவரிடம் போனேன்.

"நாளைக்கு அவளை அனுப்பறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்ங்க. அவளைக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. கட்டாயப்படுத்த மாட்டேன்."

"நீங்க ரெண்டு நாள்ல பிளேன் ஏறிருவீங்க டீச்சர்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "இவ இங்கதான் இருக்கணும். நான் காலைல எந்திரிச்சு இவங்க மூட்டையத்தான் ஏத்தணும். அது உங்களுக்கு வெளங்குதா?"

"விளங்குதுங்க."

"நாளைக்கு நானும் வாரேன். முழுசாக் கேக்கணும். அவ பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

திரும்பி வந்து தயாபரனிடம், இறுதிச் சுற்று இங்கேதான் என்றேன். கதவைத் திறந்து வைக்கப் போகிறோம், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றேன். பேசியவளை ஊரை விட்டு வேறிடத்துக்குக் கொண்டுபோய் ஒளித்துப் பேச வைத்தால், அந்தத் துண்டுக் காணொளி சொன்னது உண்மை என்று ஆகிவிடும்.  "சரி. ஆனா என்ர பிள்ளையள் பின்கதவுக்குக் கிட்டத்தான் இருப்பினம்" என்றார். சம்மதித்தேன்.

மறுநாள் காலை புட்டையும் கடலையையும் பாதியில் வைத்துவிட்டு மண்டபத்துக்கு ஓடினேன். போட்டி தொடங்குமுன்பே அரங்கு நிறைந்துவிட்டது. லைனில் பார்த்த முகங்கள் எல்லாம் இருந்தன. பார்க்காத முகங்கள் அதைவிட அதிகம். விஜி சொல்லி வைத்து ஒரு போலீஸ்காரர் வந்திருந்தார். அவர் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழம்பொரி தின்றார். அவரைப் பார்த்து எனக்குத் தைரியம் வரவில்லை.

மேடையேறி, நேற்றைய தலைப்பை எழுதியது நான், கட்சியைக் கொடுத்தது நாணயம், இந்த ஊரில் யாருடைய வீட்டின் மேல் வழக்கு இருக்கிறது என்று விசாரிக்காமல் எழுதியது என் பிழை என்றேன். விஜி மலையாளத்தில் சொன்னாள். பிறகு, நேற்று நடந்த விவாதத்தின் முழுக் காணொளியையும், மதுரைப் பிள்ளைகளின் பதிலோடு சேர்த்து, சுவரில் போட்டுக் காட்டினோம். "நல்ல வீடு குடுத்து" என்ற இடம் வந்தபோது கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. யாரும் கைதட்டவில்லை.

இறுதிச் சுற்றுக்கான தலைப்பைப் பல வாரங்களுக்கு முன்பே சிங்கப்பூர் நடுவர் எழுதி வைத்திருந்தார்: "பள்ளிகளில் தேர்வுகளை ஒழிக்க வேண்டும்." நாணயம் போட்டபோது கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. யாழ்ப்பாணத்துக்கு ஆதரவு. கொச்சிக்கு எதிர்ப்பு.

அனுஷாவின் முதல் வாக்கியம் தடுமாறியது. இரண்டாவதும். என் பக்கத்தில் விஜி கண்ணை மூடிக்கொண்டாள். முன்வரிசையில் செல்வராஜ் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாக்கியத்தில் அவளுக்குக் குரல் வந்துவிட்டது. "பணமிருக்கற வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வு இல்லாட்டியும் வேலை வாங்கித் தர மாமா இருப்பார். எனக்கு யாரு இருக்கா? என் தேர்வுத்தாள்ல என் வீட்டு விலாசம் இருக்காது. என்னை யாருன்னு தெரியாம திருத்தற ஒரே இடம் அதுதான்." பின்வரிசையில் ஒருவர் "அது சரி!" என்று கத்தினார். நேரக்காப்பாளர் மணியடித்து அவரை அடக்கியதும், அனுஷா எதிரணியைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். யாழ்ப்பாண அணியின் தலைவன், ஒல்லியான பையன், அசரவில்லை. அவளுடைய வாதத்தையே எடுத்து, யாரென்று தெரியாமல் திருத்துவதால்தான் ஒரு பிள்ளையின் உழைப்பும் தெரியாமல் போகிறது என்று திருப்பினான். பக்கத்தில் ஒருவர் மலையாளத்தில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த ஹம்சாக்கா, கேள்வி கேட்கக் கை தூக்கினார். பார்வையாளர்கள் கேட்க முடியாது என்று விஜி சைகை காட்ட, கையை இறக்காமலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்று நடுவர்கள். இரண்டு பேர் யாழ்ப்பாணத்துக்கு, ஒருவர் கொச்சிக்கு. யாழ்ப்பாணம் வென்றது.

 அரங்கில் நாற்காலிகள் இழுபடும் ஓசை. ஹம்சாக்கா எழுந்தார். அவர் பின்னால் ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். நேராக மேடையை நோக்கி வந்தார்கள். தயாபரன் தன் பிள்ளைகளைப் பின்கதவுப் பக்கம் நகர்த்தத் தொடங்கியதைப் பார்த்தேன். போலீஸ்காரர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இது சரியில்லை டீச்சர்" என்றார் ஹம்சாக்கா. "அந்த மோள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு அந்தப் பையன் பதிலே சொல்லவில்லை. சுற்றிச் சுற்றிப் பேசினான். நடுவர் அதைக் கவனித்தாரா?"

எனக்கு உடனே புரியவில்லை. விஜிக்குப் புரிந்துவிட்டது, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த அரை மணி நேரம் எங்கள் நடுவர்களை அவர்கள் விடவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த நடுவரிடம் ஒரு மூட்டை தூக்குபவர் மதிப்பெண் எப்படிப் போடுவீர்கள் என்று விசாரித்தார். சொன்ன பதிலில் அவருக்குத் திருப்தி இல்லை. தயாபரன் திரும்பி வந்து தன் அணிக்காக யாழ்ப்பாணத் தமிழில் வாதாடினார். ஹம்சாக்கா மட்டாஞ்சேரி மலையாளத்தில் மறுத்தார். ஒருவர் சொன்னது ஒருவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். இரண்டு பேருமே நிறுத்தவில்லை. கடைசியில் அனுஷா நடுவில் வந்து, "இக்கா, அவங்க ஜெயிச்சது சரிதான். நான் ஆரம்பத்துல உளறிட்டேன்" என்றாள். அவர் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை; அவளோடு வாதிடத் தொடங்கிவிட்டார்.

அந்த லைன் வழக்கு இதை எழுதும்போதும் முடியவில்லை. ஒரு எஞ்சினியர் வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனதாக விஜி சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று இன்னும் தெரியாது.

அன்று மாலை பிள்ளைகள் முன்னால் போய்விட்டார்கள். மிச்சமிருந்த பெட்டிகளோடு என்னைப் படகுத்துறையில் விடுகிறேன் என்று செல்வராஜ் தன் சரக்கு ஆட்டோவைக் கொண்டுவந்தார். ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். கடைத்தெரு முடிந்ததும் அவர் கேட்டார்.

"அவ தோத்தது நெசமாவே சரியா டீச்சர்?"

"நடுவர்கள் தீர்ப்புதாங்க முடிவு."

"அது தெரியும். நீங்க என்ன நினைக்கீங்க?"

யோசித்தேன். "நான் நடுவரா இருந்தா அவளுக்குத்தான் போட்டிருப்பேன்."

அவர் ஆட்டோவை ஓரம் கட்டி நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். "அப்ப அத அங்க வச்சே சொல்லிருக்கணும்ல?"

"போட்டி நடத்தறவங்க தீர்ப்புல தலையிடக் கூடாதுங்க. அப்படித்தான் விதி."

"விதிய எழுதினது யாரு?"

"நான்தான்."

அவர் மறுபடி வண்டியை எடுத்தார். படகுத்துறைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படகு கரையை விட்டு நகர்ந்துவிட்டது. என் மாணவர்கள் படகிலிருந்து கை காட்டிக் கத்தினார்கள். அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டும்.

"நல்லதாப் போச்சு" என்றார் செல்வராஜ். எஞ்சினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "மொதல்லேருந்து சொல்லுங்க. அந்த ரெண்டாவது கேள்வி. அதுக்கு அந்தப் பய என்ன பதில் சொன்னான்?"